அவிச்ச காராமணி

கோபக்கார டீச்சர்னுதான் அந்தக் குப்பத்துல எனக்குப் பேரு. பொய்யான பேருன்னு சொல்ல மாட்டேன். வாய்ப்பாட்டைத் தப்பா சொன்னா காதைத் திருகுவேன். மூக்கைச் சிந்தி சுவத்துல தடவுற பையனை அந்தச் சுவத்தையே கழுவ வெப்பேன். ஆனா அறிவியல் எடுக்கும்போது மட்டும் அந்தக் கோபம் எங்கேயோ போயிடும். பிள்ளைங்க அதைக் கண்டுபிடிச்சு வெச்சிருந்தாங்க. கணக்கு நோட்டைத் திறக்கச் சொன்னா போதும், "டீச்சர் டீச்சர், இன்னிக்கு சயின்ஸ் எடுங்க டீச்சர்"னு கூட்டமா ஆரம்பிச்சிடும்ங்க.

இது எழுபதுகள்ல நடந்தது. கிருமாம்பாக்கத்துல பஸ்ஸை விட்டு இறங்கி கிழக்கே நடந்தா வயக்காடு முடிஞ்சு சவுக்குத்தோப்பு வரும். தோப்பைத் தாண்டினா மணல், குப்பம், கடல். குப்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு புன்னை மரத்தடியில எங்க பள்ளிக்கூடம், ஓடு போட்ட ரெண்டே ரூம். நான் வில்லியனூர்ப் பக்கத்துக்காரி. மாதா கோயில் மணிக்கு எழுந்து நெல்லு வயலைப் பார்த்து வளர்ந்தவ. கடலைப் பத்தி எனக்கு ஒரு எழவும் தெரியாது. வாளைக்கும் வஞ்சிரத்துக்கும் வித்தியாசம் தெரியாத டீச்சர்னு முதல் வாரமே பிள்ளைங்க சிரிச்சுதுங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

நாலாம் வகுப்புப் புத்தகத்துல உயிருள்ளவை, உயிரற்றவைன்னு ஒரு பாடம். கரும்பலகையில ரெண்டு கட்டம் போட்டு ஒவ்வொண்ணா கேட்டேன். கல்லுன்னேன், உயிர் இல்லன்னாங்க. ஆடுன்னேன், உயிர் இருக்குன்னாங்க. மரம்னேன். "உயிர் இல்ல டீச்சர்"னு ஒரே குரல்ல சொன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"ஏண்டா, மரம் தண்ணி குடிக்கலையா?"

"குடிக்கும் டீச்சர். ரொம்பக் குடிச்சா கனத்துப் பூடும். அவுத்துப் போட்டு காய வெக்கணும்."

எனக்கு மண்டை காஞ்சுபோச்சு. மூணு வருஷம் எவ பாடம் எடுத்தாளோ, மரத்துக்கு உயிர் இல்லன்னு சொல்லிக் குடுத்திருக்காளேன்னு பல்லைக் கடிச்சேன். அப்போ முன் வரிசையில ஒரு பொண்ணு எழுந்து நின்னா. ரெட்டைப் பின்னல்ல ஒண்ணு எப்பவும் அவுந்தே கிடக்கும் அவளுக்கு. "டீச்சர், நீங்க எலை வுடற மரத்தைக் கேக்குறீங்களா, எங்க மரத்தைக் கேக்குறீங்களா?"ன்னா.

அப்பதான் புரிஞ்சுது. அந்த ஊர்ல மரம்னா கட்டுமரம். மரம் தள்ளப் போனாரு, மரம் கரைக்கு வந்துச்சுன்னுதான் பேச்சே. அவங்க சொன்னதுல தப்பே இல்ல, நான் கேட்டதுதான் தப்பு. அன்னிக்கே முடிவு பண்ணேன், இந்தப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு வார்த்தையால பாடம் எடுத்தா விடிஞ்சிரும், கையில குடுத்துத்தான் எடுக்கணும்னு.

அப்புறம் எல்லாமே கையாலதான். செவுள்னா என்னன்னு காட்ட பிள்ளைங்களையே மீன் கொண்டாரச் சொன்னேன். பள்ளிக்கூடமே மூணு நாளைக்குக் கவிச்சி நாறுச்சு. பெரிய டீச்சர் மூக்கைப் பொத்திக்கிட்டு அடுத்த ரூம்ல உக்காந்திருந்தாங்க. எருக்கஞ்செடிப் புழுவை டப்பாவுல போட்டு வளர்த்தோம். அதுக்கப்புறம் விதை. ஆளுக்கொரு கொட்டாங்குச்சி எடுத்துட்டு வந்து மண்ணை நிரப்பி, நெல்லு, கேழ்வரகு, துவரை, காராமணின்னு அவங்கவங்களுக்குப் பிடிச்சதைப் போடச் சொன்னேன். எது முதல்ல தலை காட்டுதோ அது ஜெயிச்சுது. அந்தப் பொண்ணு காராமணி போட்டிருந்தா. அவளோடதுதான் முதல்ல வந்துச்சு, கழுத்தை வளைச்சுக்கிட்டு, தலையில தொப்பி மாதிரி தோலோட. ஒரு வாரம் அவளைக் கையில பிடிக்க முடியல.

விதைக்குள்ள உயிர் இருக்குன்னு எப்படிக் காட்டுறது? அதுக்கு ஒரு வேலை செஞ்சேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி மூணு கல்லு வெச்சு, பிள்ளைங்க பொறுக்கிட்டு வந்த சவுக்கு மிலாறுக் குச்சிங்களை எரிச்சு, ஒரு துணியில காராமணியை முடிஞ்சு கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தோம். அவிச்சதை ஒரு கொட்டாங்குச்சியில, அவிக்காததை இன்னொண்ணுல. ரெண்டுக்கும் ஒரே மண்ணு, ஒரே வெயில், ஒரே தண்ணி. அவிச்ச கொட்டாங்குச்சியைப் பாத்துக்கற வேலையை அந்தப் பொண்ணுகிட்ட குடுத்தேன். ஏன்னா தண்ணி ஊத்த மறக்காத ஒரே ஆளு அவதான். மத்ததுங்க கோலி ஆடப் போயிடும்ங்க.

அவ அப்பாவை அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். கடலுக்குப் போய்ட்டு வந்து, வலையைக் காயப் போட்டுட்டு, பள்ளிக்கூட ஜன்னல்ல முழங்கையை ஊனிக்கிட்டு நிப்பாரு. நெட்டையான ஆளு, சிரிச்சா கண்ணு ரெண்டும் காணாமப் போயிடும். எனக்குக் கோபம் வந்தாலும் அவரை விரட்ட மனசு வராது.

"இன்னா டீச்சரம்மா, அவிச்ச காராமணியை நட்டு வெச்சு எம் பொண்ண தண்ணி ஊத்த சொல்லிக்கிறீங்களாமே?"

"ஆமா. பரிசோதனை."

"அதுல நாலு கருவாட்ட போட்டு கொழம்பு வெச்சிருந்தா பரிசோதனை ஜோரா முடிஞ்சிருக்கும். இப்பிடி வீணாக்கிட்டீங்களே."

"உங்களுக்குக் கொழம்புதான் கண்ணுக்குத் தெரியும்."

"பின்ன? காராமணிக் கொழம்புன்னா உயிர வுட்டுடுவேன் நானு"ன்னு சொல்லிட்டு, பொண்ணு தலையில ஒரு தட்டு தட்டிட்டுப் போனாரு.

பக்கத்துக் கொட்டாங்குச்சியில இலை விட்டுடுச்சு. அவிச்சதுல ஒண்ணும் இல்ல. மத்த பிள்ளைங்க அதை எப்பவோ மறந்துட்டாங்க. இவ மட்டும் காலையில வந்ததும் முதல் வேலையா தண்ணி தெளிச்சா. "போதும்டி, அது வராது"ன்னேன். "பாவம் டீச்சர் அது"ன்னா. கடைசியில வகுப்புக்கு நடுவுல வெச்சு மண்ணைக் கொட்டிக் காமிச்சேன். அழுகி, நாறி, விரல் பட்டதும் பிசுபிசுன்னு போச்சு. "வெந்தது வெந்ததுதான். உள்ள இருந்த உயிர் போயிடுச்சு. எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் வெந்தது முளைக்காது"ன்னு சொன்னேன். எல்லாரும் திருப்பிச் சொன்னாங்க. அவளும் சொன்னா. நல்லா நடத்திட்டோம்னு அன்னிக்கு எனக்கு ஒரே பெருமை.

ஐப்பசியில மழை புடிச்சுக்கிச்சு. கடல் ரெண்டு நாள் ஓஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு அவ அப்பாவும் அவரோட மச்சானும் விடியறதுக்கு முன்னாடி மரம் தள்ளினாங்க. மத்தியானம் காத்து திரும்பிடுச்சு. சாயந்திரம் மச்சான் பனித்திட்டுப் பக்கம் கரை ஒதுங்கினாரு, உடம்பெல்லாம் சிராய்ப்பு. அலை தூக்குச்சு, அப்புறம் மாமனைப் பாக்கலன்னு மட்டும் சொன்னாராம். மறுநாள் மரம் வந்துச்சு. மரம் மட்டும் வந்துச்சு.

கடலூர் வரைக்கும், அதுக்கும் தெக்கே பரங்கிப்பேட்டை வரைக்கும் ஆளுங்க கரையோடவே நடந்து தேடினாங்க. ஒண்ணும் கிடைக்கல. ஒரு சட்டைத் துணி கூட கிடைக்கல.

அந்தப் பொண்ணு நாலஞ்சு நாள்ல பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டா. ரெண்டு பின்னலுமே இல்ல, தலையைச் சும்மா முடிஞ்சு விட்டிருந்தாங்க. பக்கத்துல கூப்பிட்டு உக்கார வெச்சேன். அவளே சொன்னா. "எங்கப்பா நாகப்பட்டணத்துல கரை ஏறியிருப்பாரு டீச்சர். அங்கேர்ந்து பஸ்ஸுக்குக் காசு இல்லாம நடந்து வராரு." சரிம்மான்னேன்.

அவ அம்மா கூடை தூக்கி மீன் விக்கற பொம்பள. கிருமாம்பாக்கம் கடைத்தெருவுல அவ குரல் கேட்டா, அங்க வாடகைக்கு இருந்த நான் வீட்டுக்குள்ள இருந்தே கண்டுபிடிச்சிடுவேன். அந்தக் குரல் நின்னுபோச்சு. கைக்குழந்தையை மடியில போட்டுக்கிட்டு கடலைப் பாத்தே உக்காந்திருந்தா. யாராவது கஞ்சி கொண்டாந்தா குடிப்பா, இல்லன்னா அதுவும் இல்ல. தாய்க்குப் பால் வத்திப்போயி குழந்தை நாளெல்லாம் கத்தும். அந்தச் சத்தம் எங்க வகுப்பு வரைக்கும் வரும். அக்காக்காரி இவ இங்க உக்காந்து எழுதிக்கிட்டே காதைப் பொத்திக்குவா.

கார்த்திகை முடியப் போகுது. நாட்டார்னு சொல்லுவாங்க ஊர்த்தலைவரை, அவரு கடல்ல போனவருக்குச் சித்தப்பா முறை. இனிமே காத்திருக்க முடியாது, உடம்பு இல்லன்னாலும் காரியத்தைப் பண்ணிடணும்னு சொன்னாரு. காரியம் முடியாம பங்காளிங்க யாரும் மரம் தள்ளக் கூடாது. அந்தத் தெருவே அடுப்பு மூட்டாம கிடந்துச்சு. வைக்கோல்ல ஒரு உருவம் கட்டி, அவரோட சட்டையையும் கைலியையும் மாட்டி, பனை மரத்தோரம் சுடுகாட்டு மணல்ல புதைச்சாங்க. மறுநாள் பால் தெளிச்சு, ஊற வெச்ச ஒன்பது தானியத்தை அது மேல விதைச்சாங்க.

எங்கள்ல அந்த வழக்கம் கிடையாது. நாங்க கல்லறைக்குப் பூ வெச்சு மெழுகுவத்தி ஏத்துவோம், அவ்வளவுதான். அதனால ஏன் விதைக்கிறாங்கன்னு வகுப்புப் பிள்ளைங்ககிட்டதான் கேட்டேன். "அது மொளைச்சா செத்தவரு மனசு குளுந்து போயிட்டாருன்னு அர்த்தம் டீச்சர். மொளைச்சதைப் பாத்துட்டுத்தான் கருமாதி வெப்பாங்க, பொண்டாட்டி கழுத்துல இருந்து தாலிய வாங்குவாங்க"ன்னு ஒரு பையன் விளக்கமா சொன்னான். அன்னிக்கு அவ வரல.

விதைச்சதுக்கு மறுநாள், திங்கக்கிழமை காலையில பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி போனேன். மூணு கல்லுக்கு நடுவுல புதுச் சாம்பல். லீவு நாள்ல வந்து பசங்க நண்டு சுட்டுத் தின்னிருக்கானுங்கன்னு எனக்கு வந்த கோபம்! அஞ்சாம் வகுப்புப் பசங்களை வரிசையா நிக்க வெச்சு கத்தினேன். "நாங்க இல்ல டீச்சர், மாரியாத்தா மேல சத்தியமா இல்ல டீச்சர்"னு அழுதானுங்க. நான் நம்பல.

தானியம் முளைக்கல. ஈர மணல், நல்ல பருவம், நாலாம் நாள் பச்சை தெரியணும். ஒரு வாரமாகியும் ஒண்ணும் தெரியல. குப்பத்துல பேச்சு கிளம்பிடுச்சு. போனவருக்கு மனசு ஆறலன்னு சிலபேரு. காரியத்துல குறை வெச்சுட்டாங்கன்னு சிலபேரு. அவ அம்மா மட்டும் வேற சொன்னா. "மொளைக்கல. அப்போ அவரு அங்க இல்ல. உசுரோட கீறாரு"ன்னு சொல்லிட்டு எழுந்து, முகம் கழுவி, சோறு வடிச்சு சாப்பிட்டாளாம். குழந்தைக்குப் பால் வந்துச்சு. மறுநாள் அந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு வந்தப்போ நானே அசந்துபோயிட்டேன். எண்ணெய் தடவி வாரி, ரெண்டு பின்னலும் இறுக்கமா, ரிப்பன் கட்டி. இத்தனை மாசத்துல ரெண்டு பின்னலும் ஒழுங்கா இருந்து நான் பாத்தது அன்னிக்குத்தான்.

அன்னிக்கு மத்தியானம் நாட்டார் ரெண்டு பேரோட பள்ளிக்கூடத்து வாசல்ல வந்து நின்னாரு. தலைத்துண்டைக் கையில எடுத்துக்கிட்டாரு.

"டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்கதான் புள்ளைங்களுக்கு வெத மொளைக்கிற பாடம்லாம் நடத்துறீங்க. கொஞ்சம் வந்து பாருங்க. மருமவ தாலிய வாங்க வுட மாட்டேங்குது. இருக்காரு, வருவாருன்னு நிக்குது. கருமாதி வெக்காம ஆம்பளைங்க கடலுக்குப் போவ முடியல. ஏன் மொளைக்கலன்னு நீங்க சொன்னா அது கேக்கும்."

போனேன். மாட்டேன்னு சொல்லியிருக்கலாம், தோணல. பனை மரத்தோரம் பாதிக் குப்பம் நின்னுச்சு. அவ அம்மா குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு, முகத்துல ஒரு தெளிவோட என்னைப் பாத்தா. பக்கத்துல அந்தப் பொண்ணு. நான் குந்தி உக்காந்து மணலை விரலால விலக்கினேன். தானியம் மேலாகவே இருந்துச்சு. மொச்சை ஒண்ணை எடுத்து நசுக்கினேன். பிசுபிசுன்னு போச்சு. உளுந்து, பச்சைப்பயிறு, கொள்ளு, எதை எடுத்தாலும் அப்படித்தான். தோல் வெடிச்சு, உள்ள மாவா, அழுகின நாத்தம். அந்த நாத்தம் எனக்குத் தெரியும். அந்தக் கொட்டாங்குச்சியைக் கொட்டினப்போ வகுப்பு முழுக்க அடிச்ச அதே நாத்தம்.

புதுச் சாம்பல் ஞாபகம் வந்துச்சு. நிமிர்ந்து பாத்தேன். அவ என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தா. கெஞ்சல. பயப்படல. பரீட்சைப் பேப்பரை என் கையில குடுத்துட்டு, நான் திருத்தற வரைக்கும் பக்கத்துலயே நிப்பாளே, அப்படி நின்னா. விரல்ல ஒட்டினதை மணல்ல தேய்ச்சுட்டு எழுந்தேன்.

"மழைத்தண்ணி நின்னு அழுகிப்போச்சு. விதையில ஒண்ணும் இல்ல, யாரும் எதுவும் குறை வெக்கல. மறுபடியும் போடுங்க"ன்னேன். நாட்டார் என் முகத்தையே பாத்தாரு. "நானே கூட இருந்து போட்டுத் தரேன். நாளைக்குச் சாயந்திரம்"னு சொல்லிட்டு விடுவிடுன்னு நடந்துட்டேன். முதுகுக்குப் பின்னாடி அவ அம்மா, "எத்தினி தபா போட்டாலும் மொளைக்காது பாருங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னது கேட்டுச்சு.

மறுநாள் இடைவேளையில அவளைக் கூட்டிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி போனேன். அந்த மூணு கல்லு கிட்டயே உக்காந்தோம். திட்டணும்னு எனக்குத் தோணவே இல்ல. எப்படிம்மா செஞ்சன்னு கேட்டேன். வீட்டுல துக்கத்துக்கு வந்தவங்க கூட்டம், ஊற வெச்ச தானியத்தைத் துணியில முடிஞ்சு மூலையில வெச்சிருந்தாங்க, யாரும் பாக்காதப்ப எடுத்துட்டு வந்து இங்க கொதிக்க வெச்சு முக்கி எடுத்து, திரும்பக் கொண்டுபோய் வெச்சுட்டேன்னா. நீங்க சொல்லிக் காமிச்சதே அப்படித்தானே டீச்சர், அதே மாதிரி துணியில முடிஞ்சுதான் போட்டேன்னா. முறையை ஒண்ணு கூட விடல.

"ஏன் கண்ணு?"

"மொளைக்காட்டி அப்பா சாவலன்னு ஆயிடும்ல டீச்சர்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அம்மா சோறு துன்னுது டீச்சர். தம்பி அழுவறதில்ல. சொல்லிடாதீங்க டீச்சர்."

நான் தேவமாதாவே, தேவமாதாவேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். அதுக்கு மேல எனக்கு ஜெபம் வரல. ஒரு பொம்பள சாப்பிடறா, ஒரு குழந்தை பால் குடிக்குது, எல்லாம் இந்தப் பொண்ணு அவிச்சுப் போட்ட பொய்யில. அதை நான் உடைக்கணும். உடைக்காம விட்டா அந்தப் பொம்பள ஆயுசுக்கும் கடலைப் பாத்துட்டு உக்காந்திருப்பா, இவ ஆயுசுக்கும் அதைக் காப்பாத்திட்டு இருப்பா. பத்து வயசுப் பிள்ளை சுமக்கற பாரமா அது?

அழுதுட்டேன். பிள்ளை முன்னாடி அழக் கூடாதுன்னு பயிற்சிப் பள்ளியில சொல்லிக் குடுத்திருந்தாங்க. அதெல்லாம் எங்க போச்சோ. அவ என் முந்தானையை எடுத்து என் கையில குடுத்தா, தொடைச்சுக்குங்கன்னு.

"இன்னிக்கு நல்ல விதை போடலாமா?"ன்னு கேட்டேன்.

குச்சியால சாம்பலைக் கிளறிக்கிட்டே கேட்டா.

"மொளைச்சா அப்பா வரமாட்டாருல்ல?"

"வரமாட்டாரும்மா."

"மொளைக்காட்டி?"

"அப்பவும் வரமாட்டாரு."

தலையை ஆட்டினா. வகுப்புல ஒரு விஷயம் புரிஞ்சா எப்படி ஆட்டுவாளோ அதே மாதிரிதான். எனக்கு அதைப் பாக்க முடியல. அவ அழுதிருந்தா தேவலாம்னு இருந்துச்சு.

சாயந்திரம் நாட்டாரோட பெரியவங்க நாலு பேரு வந்து தள்ளி நின்னாங்க. பழசை எல்லாம் வாரி எடுத்துட்டு, மணலைக் கிளறி மட்டம் பண்ணோம். ஒன்பது தானியத்தை நாட்டார் வீட்டு முறத்துல கொண்டாந்திருந்தாங்க. இவ பாவாடை மடிப்புல இருந்து ஒரு பிடி காராமணி எடுத்தா. "இதையும் போடலாமா டீச்சர்? அப்பாவுக்குப் புடிக்கும்"ன்னா. முறைன்னா ஒன்பதுதான், ஆனா நாட்டார் வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. போடும்மான்னேன். நான் சொல்லிக் குடுத்த மாதிரியே விரல்கணு அளவுக்குக் குழி, ரொம்ப ஆழமும் இல்ல, மேலயும் இல்ல, ஒவ்வொண்ணா வெச்சு மூடினா.

சொம்புல தண்ணி இருந்துச்சு. எடுத்து அவகிட்ட நீட்டினேன். வாங்கினா. குனிஞ்சா. குனிஞ்சபடியே இருந்தா. அவிச்ச காராமணிக்கே மறக்காம தண்ணி ஊத்தின பொண்ணு அவ. சொம்பை என் பக்கமே திருப்பி நீட்டினா.

"என்னால முடியல டீச்சர். நீங்க ஊத்துங்க"ன்னா.

நான் வாங்கி ஊத்தினேன். அதுக்கப்புறம் தினமும் பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடி போய் நானேதான் ஊத்தினேன். முளைக்கக் கூடாதேன்னு ஒரு மனசும், முளைச்சுத் தொலைக்கட்டுமேன்னு ஒரு மனசுமா. விதை முளைக்க வேணாம்னு வேண்டிக்கிட்ட வாத்தியார் நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

நாலாம் நாள் காலையில கால்ல முள்ளு குத்தி, அங்க போக முடியல. நேரா வகுப்புக்கு வந்துட்டேன். அவளும் வந்து முன் வரிசையில உக்காந்திருந்தா. ஒரு பின்னல் அவுந்து தோள்ல கிடந்துச்சு. கழித்தல் கணக்கு ஒண்ணு போட்டு, கடன் வாங்கிக் கழிக்கிறதைச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அப்போ பனை மரத்துப் பக்கத்துல இருந்து ஒரு பொம்பளக் குரல் எழுந்துச்சு. மீன் கூடையோட கிருமாம்பாக்கம் கடைத்தெருவுல கேட்ட குரல். ஆனா இது அந்தக் குரல் இல்ல. அடிவயித்துல இருந்து வந்துச்சு, நிக்கவே இல்ல. அப்புறம் மத்த பொம்பளைங்க குரலும் சேர்ந்துக்கிச்சு.

பிள்ளைங்க என்னைப் பாத்தாங்க, அவளைப் பாத்தாங்க, திரும்பவும் என்னைப் பாத்தாங்க. சாக்பீஸைப் பிடிச்சுக்கிட்டு நான் கரும்பலகைப் பக்கமே திரும்பி நின்னேன்.

அவ ஸ்லேட்டைக் கீழ வெச்சா. அழல. எனக்கு மட்டும் கேக்கற மாதிரி மெதுவா சொன்னா.

"காராமணிதான் மொதல்ல வந்திருக்கும் டீச்சர்."

"ஆமாம்மா, அதுதான் முதல்ல வரும்"னேன்.